மவுசு குறைந்த மாப்பிள்ளை

நாமகிரிப்பேட்டை,
24.10.2010

அன்புள்ள மகன் சந்திரசேகருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் பண்ணைக் கோழிகளும் இருக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் சொல்கிறாய், அது நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார், அந்தப் பக்கம் உன் அறையில் நாலைந்து பேர் பேசுகிற சத்தம் கேட்கிறது, நான் சொல்ல நினைத்ததெல்லாம் சாப்பிட்டாயா என்பதோடு நின்றுபோகிறது. இப்போது மத்தியானம், கரண்ட் போய்விட்டது, அப்பா தீவனம் வாங்க நாமக்கல் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார். எனக்கும் முட்டிவலியில் பண்ணைக்கும் வீட்டுக்கும் நடந்து அலுத்துவிட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும் சாமி. ஏப்ரல் மாதத்திலிருந்தே தெரியும். மூன்று வருடமாக என்னிடம் ஒரு சமையலும் கேட்காதவன், திடீரென்று வாரத்துக்கு மூன்று தடவை கொள்ளு ரசத்துக்கு என்ன போடுவது, பச்சைப்பயறு எத்தனை விசில் என்று கேட்டால் பெற்றவளுக்குப் புரியாதா. ஆபீசுக்குப் போகிறவன் மூன்று வேளையும் வீட்டில் எதற்கு உலை வைக்கிறான். உன் பெரியப்பா மகள் பிரவீனா உன் ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவில்தானே இருக்கிறாள், அவளைக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, பேங்க் எல்லாம் கவுந்ததுல இவன் பாத்துட்டிருந்த பேங்க் கம்ப்யூட்டர் வேலையும் போயிருச்சு சித்தி, கம்பெனிக்காரங்க பெஞ்சில உக்காத்தி வெச்சிருக்காங்க, பேருக்குக் கம்பெனி இருக்கும், வேலையும் இருக்காது சம்பளமும் இருக்காது, ஊருக்கு வந்தா திரும்ப அமெரிக்காவுக்குள்ள உட மாட்டாங்களோன்னு பயந்துட்டு இருக்கான் என்றாள். நீ என்னிடம் மறைத்தது வருத்தம்தான், ஆனால் மறைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிறாயே என்பதுதான் பெரிய வருத்தம். அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கே தெரியவில்லை. பேப்பரில் அமெரிக்கா என்று தலைப்பு வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிவிடுகிறார். டீக்கடையில் யாராவது கேட்டால், அதெல்லாம் கடன் வாங்கி ஊடு கட்டுனவங்களுக்குத்தான் கஷ்டமுங்க, நம்ம பையன் கம்ப்யூட்டருங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்.

நீ போன புதிதில், தரகர் தங்கமுத்து வந்தால் நம் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே ஒரு தோரணை இருக்கும், போனில் சொல்லியிருக்கிறேனே. அமெரிக்கா மாப்பிள்ளை ஜாதகங்களைத் தனிக் கட்டாக, மஞ்சள் துணியில் சுற்றி, பையின் மேலேயே வைத்திருப்பார். உனக்கு வந்த பெண் ஜாதகங்களை நான் பார்த்தது பாதி, அப்பா பார்க்காமலே திருப்பியது பாதி. போன தையில் வந்தார், மஞ்சள் துணியில் வேறு ஒரு கட்டு இருந்தது, உன் ஜாதகத்தைப் பையின் அடியிலிருந்து இரண்டு மூன்று கட்டைத் தள்ளி எடுத்தார். என்னங்க தங்கமுத்து, எம்பட பையன் கீழ போயிட்டான் என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏனுங்க அக்கா, நான் என்னத்தைங்க பண்றது, இப்ப ஆப்பிரிக்காவுல போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்கிற பையனுக்குத்தானுங்க மவுசு, அப்பறம் சீனாவுக்குப் போயி மிசின் எடுத்துட்டு வாரானே அவனுக்கு, அமெரிக்கான்னு சொன்னா பொண்ணூட்டுக்காரங்க வேலை நிக்குமுங்களா, கம்பெனி கடுதாசி காட்டுவீங்களான்னு கேக்கறாங்க என்றார். முன்னெல்லாம் ஆப்பிரிக்கா என்றால் கொசுவும் காய்ச்சலும் என்று பெண் கொடுக்க யோசித்த சனம்தான் இது. குமாரபாளையத்தில் உன் சித்தப்பா தறியில் அமெரிக்காவுக்கு என்று ஓடிய துண்டெல்லாம் போன வருடம் நின்றது, இன்னும் பாதித் தறி ஓடவில்லை. எங்கேயோ பேங்க் மூடினால் நம் தரகர் பையில் கட்டு இடம் மாறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் தோட்டத்து மூன்றாவது போர்வெல் போட்டபோது ரிக் வண்டியில் ட்ரில்லராக வந்தாரே அருணகிரி, உடம்பெல்லாம் பாறை துளைத்த கல்மாவோடு நம் தொட்டியில் குளித்துவிட்டு நம் வீட்டில் சாப்பிட்டவர், நம் சனம்தான், அவர் மகள் மஞ்சுளா. மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணின் ஜாதகத்தைத் தங்கமுத்து மூலம் கொடுத்தனுப்பினார். அப்பா கவரைக்கூடப் பிரிக்கவில்லை. அமெரிக்காவுல இருக்கிற பையனுக்கு ரிக்குல நிக்கறவன் ஊட்டுலயா பொண்ணெடுப்பாங்க என்று தங்கமுத்து காதுபடச் சொன்னார், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதை அப்போது நானும் தடுக்கவில்லை, என் தப்பும்தான். அந்த அருணகிரி ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய ரிக்கைக் கப்பலேற்றித் தான்சானியா போனார். இன்றைக்கு ஆறு ரிக் ஓடுகிறது. போன மாதம் அவரே நம் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அதே குரல், அதே பணிவு. அங்க ரோடு போடறது சீனாக்காரனுங்க அக்கா, கெணறு தோண்டறது நம்மாளுங்க, முன்ன ஒரு கம்ப்ரஸர் வேணும்னா அமெரிக்காக்காரன் சொன்னதுதான் வெலை, இப்ப அவனே எறங்கி வந்து பேசறான், எனக்கு எல்லாச் சாமானும் சீனாவுல இருந்துதானுங்க வருது என்றார். அதற்காகச் சீனாவிலேயே குவாங்சோ என்ற ஊரில் ஆபீஸ் போடப்போகிறாராம். இங்கிலீசும் கம்ப்யூட்டரும் தெரிந்த, நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். பையனுக்கு மனசிருந்தா கல்யாணத்தை முடிச்சுட்டு ரெண்டு பேரும் போயி அந்த ஆபீஸைப் பாத்துக்கட்டுமுங்க என்றார். பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் அதற்கு அடுத்த வாரம் கோயிலுக்குப் போவதுபோலப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் போட்டோவைக் கையில் கொடுத்துவிட்டு, பையனுக்கு அங்கே கம்பெனியில் நல்ல பேர் என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தை, அவருக்கு இப்ப வேலை இல்லீங்கறது எங்களுக்குத் தெரியுமுங்க, நீங்க அதை மறைக்க வேண்டியதில்லீங்க, வேலை போறதும் வாரதும் எங்கூட்டுல பாக்காததுங்களா, அப்பா மொதல் வருசம் அங்க போட்ட நாலு போர்லயும் தண்ணி வரலீங்க, ஆனா ஒண்ணுங்க, வேற போக்கிடம் இல்லாம எங்கப்பாகிட்ட வாரதா இருந்தா வேண்டாமுங்க, மனசோட வாரதா இருந்தா வரட்டும் என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளே காபி போட்டுக் கொடுத்து, பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டாள். எம்.காம் படித்திருக்கிறாள், சீனாவுக்கு இரண்டு தடவை அப்பாவோடு போய் வந்திருக்கிறாள், கொஞ்சம் உயரம், கொஞ்சம் கறுப்பு, பேசும்போது நேராகப் பார்க்கிறாள். எனக்குப் பிடித்திருக்கிறது. பயமாகவும் இருந்தது, அது வேறு.

அப்பாவிடம் சொன்னேன். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். நம்ம தொட்டியில குளிச்சவன்கிட்ட எம்பையன் சம்பளத்துக்கு நிக்கோணுமா என்றார். பத்து நாள் என்னோடு பேசவில்லை, கோழிகளோடு பேசினார். பதினோராம் நாள் சாப்பிடும்போது, எதுக்கும் மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாரு, ஆத்தா குடுத்தா நான் குறுக்க நிக்கலை என்றார். அவர் தோற்றுக்கொடுக்க ஒரு வழி தேடுகிறார் என்று எனக்குப் பட்டது. போன செவ்வாய்க்கிழமை தனியாகத்தான் போனேன், அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். ஒரு பொட்டலத்தில் மல்லிகை, ஒரு பொட்டலத்தில் செவ்வரளி, இரண்டையும் வாழையிலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைத்து, வெள்ளை வந்தால் என் மகன் வந்து இந்தக் கல்யாணத்தைச் செய்துகொள்ளட்டும், சிவப்பு வந்தால் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு வேறு யாருக்கோ தீபம் காட்டப் போய்விட்டார். வீட்டுக்கு வரும்போது என் தலையில் மல்லிகை இருந்தது. அப்பா தீவன மூட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பூவைப் பார்த்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி, வரச்சொல்லு என்றார். அப்புறம் வெகு நேரம் ஊசியைத் தேடிக்கொண்டிருந்தார், ஊசி அவர் கையில்தான் இருந்தது.

வருவதாக இருந்தால் பிரவீனாவிடம் சொல்லிவிட்டு வா, அவள் உனக்காகப் பயந்துகொண்டிருக்கிறாள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு நட. வயிறு காயாமல் சாப்பிடு. கம்பெனிக்காரன் கூப்பிடுவான் கூப்பிடுவான் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்காராதே, அந்தக் காத்திருப்பே ஆளைத் தின்றுவிடும். சீனாவும் தூரம்தான், வந்தால் பத்து நாள் என் கண்ணில் இருப்பாய், பிறகு போய்விடுவாய், அதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

இனி எழுதப்போவதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். பூசாரி கொடுத்த பொட்டலத்தைக் கோயில் மதில் ஓரம் நின்று பிரித்தேன். செவ்வரளி. ஆத்தா வேண்டாம் என்றுதான் சொன்னாள். நாலு வருடமாக உன்னைப் பார்க்கவில்லை, ஏழு மாதமாக நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாய், உன் அப்பாவுக்கு இறங்கி வர வேறு படியும் இல்லை. திரும்பப் போய்ப் பூசாரியிடம் அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரசாதமாகக் கேட்டு வாங்கி, மல்லிகையை நானே வைத்துக்கொண்டேன். அரளியை அங்கேயே மதிலோரம் வைத்துவிட்டேன். உனக்கும், ஆத்தா பூக் குடுத்துட்டா, வந்துரு என்று எழுதியிருந்தால் நீ டிக்கெட் போட்டிருப்பாய். ஆனால் அந்தப் பெண் மனசோடு வரட்டும் என்றாளே, பொய்யான பூவை நம்பி நீ அவள் முன்னால் வந்து நிற்கக் கூடாது. வா என்று சொல்வது சாமி இல்லை, நான்தான் சொல்கிறேன். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று எழுது, அருணகிரியிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். குத்தம் ஏதாவது வந்தால் அது என் தலையோடு போகட்டும், உன்னையும் அவளையும் தொடாமல் இருக்கட்டும் என்று தினமும் அதே ஆத்தாவிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வேறு யாரிடம் கேட்பது.

நூறு வயது நோய்நொடி இல்லாமல் இரு சாமி. எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து இரு. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு, அப்பா என்றைக்காவது பூ என்னவாயிற்று என்று உன்னிடம் கேட்டால் வெள்ளை என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
மாரக்காள்