பாறைக்கு அடியில் கிடந்த நரி

என் பவளம் மதினிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் நீ சிரிப்பாய். ஆனால் கடுதாசி என்றால் அப்படித்தானே ஆரம்பிக்கணும்? நீ கிடக்கிற மேட்டில் இன்றைக்கும் பனிமூட்டம். தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வரும்போது அங்கே நின்று உன்னோடு நாலு வார்த்தை பேசலாம் என்று பார்த்தேன். கூட வந்தவளுகள் என்னைத் தனியாக விட்டுப் போக மாட்டோம் என்றுவிட்டாளுகள், அதனால்தான் எழுதுகிறேன்.

மதினி என்று எழுதவே கூச்சமாக இருக்கு. ஒரே பெஞ்சில் இருந்து சிலேட்டுக் குச்சியைத் தின்றவர்கள் நாம். நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, இனி அவளை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடணும் என்று அம்மா சொன்னாள். இரண்டு நாள் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் நீயே என் காதைத் திருகி நிறுத்திவிட்டாய்.

இங்கே ஒரு சேதி. தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்கு டெலிவிஷன் வந்திருக்கு. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளை வாசல்வரை விடுகிறார்கள். உன் மகள் தேவி இடித்துப் பிடித்து முதல் வரிசையில் இடம் வாங்கியிருக்கிறாள், யாரைப் போல என்று என்னிடம் கேட்காதே. போன சனிக்கிழமை பொம்மைப் படம் போட்டார்களாம். நரி கோழியைத் துரத்துகிறதாம்.

ஞாபகம் இருக்கா மதினி, படம் காட்டுகிற வேன் வந்த அந்தப் பின்னேரம்? தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்ல வந்தவர்கள், கூட்டம் சேர்க்க முதலில் ஒரு பொம்மைப் படம் போட்டார்கள். காலையில் நம் பேரைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அதே பெரட்டுக் களத்தில், ஃபெக்டரிச் சுவரில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். நடுவிலே பனி இறங்கிவிட்டது. துணியில் பாதி நரிதான் விழுந்தது, மீதி நரி பனியிலேயே நம் தலைக்கு மேலே ஓடியது. பிள்ளைகள் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தார்கள். நானும் நீட்டினேன், யாரிடமும் சொல்லிவிடாதே.

மலை உச்சியிலிருந்து பாறை உருண்டு விழுந்து நரி தோசையாகிப் போனது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த நொடி அது எழுந்து மறுபடி ஓடியது. நீ மட்டும் என் விலாவில் இடித்து, "இது நாளைக்குப் பெரட்டுக்குப் போகுமா, போகாதாடி?" என்று கேட்டாய்.

அந்த ஒரு கேள்வியை வைத்தே இரண்டு வருஷம் எங்களைச் சிரிக்க வைத்தாய். தேயிலைப் பெட்டிக்கு உள்ளே போடுகிற தாளில் மிஞ்சும் துண்டுகளை அண்ணன் ஃபெக்டரியிலிருந்து கொண்டுவரும். நீ அதை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு ஓரத்தைத் தைத்து, பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி நரியை வரைவாய். கட்டை விரலால் சரசரவென்று விட்டால் நரி ஓடும். குரல் எல்லாம் நீயே கொடுப்பாய். வேனில் வந்த படம் பிள்ளைகளுக்கு, உன் படம் பெரியவளுகளான எங்களுக்கு.

உன் நரி நசுங்கினால் நசுங்கினபடியேதான் எழும்பும். தன்னைத் தானே சேலை மாதிரி மடித்துக்கொண்டு, மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவிடம் போய் நிற்கும். அவர் வாயில் காய்ச்சல் குச்சியை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போ என்பார். கோழியோ, இன்னைக்கு எனக்குப் பேர் போட்டாச்சு, நாளைக்குத் துரத்து என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகும். நரி தண்ணியைப் போட்டுவிட்டு வந்து பெண்டாட்டி நரியிடம் கெஞ்சுகிற கதையில் மட்டும் கடைசிப் பக்கங்களை ஊசி குத்தி மூடி வைத்திருப்பாய். கல்யாணம் ஆகாதவளுக்கு இது காட்டக்கூடாது என்பாய், எனக்குத்தான் முதலில் காட்டுவாய்.

பிள்ளைக் காம்பராதான் உன் படக் கொட்டகை. நாங்கள் மலைக்குப் போகும்போது விட்டுப் போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை உனக்கு. பத்து மணிக்குப் பால் கொடுக்க அம்மாமார் இறங்கி வருவார்கள். பிள்ளையே இல்லாத நானும் கூட வருவேன், கங்காணி கேட்டால் அண்ணன் மகளைப் பார்க்க என்பேன். நீ படத்தை ஓட்டிவிட்டு, நசுங்கின நரி மருந்துக்குப் போகிற நடையையும் நடந்து காட்டுவாய். வயிற்றைப் பிடித்து, முதுகை இரண்டாக வளைத்து, ஒரு காலை இழுத்து. அம்மாக்காரி குலுங்கிச் சிரிக்கிற சிரிப்பில் பால் குடிக்கிற பிள்ளைக்குப் புரையேறும்.

இனி எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனிடமும் இல்லை.

அன்றைக்குப் பத்து மணிக்கு நாங்கள் வந்தபோது நீ வாசலுக்கு அப்படித்தான் நடந்து வந்தாய். வயிற்றைப் பிடித்து, இரண்டாக வளைந்து. கூடையைக்கூட இறக்கவில்லை, சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். முதலில் சிரித்தது நான்தான். நீ தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்து, "இன்னைக்கு நரி இல்லடி, நான்தான்" என்றாய்.

அதற்கு இன்னும் கூடச் சிரித்தோம் மதினி. அப்படிப் பேசுகிறவள்தானே நீ? டிஸ்பென்சர் ஐயா குரலில் நான், காய்ச்சல் இல்லை, வேலைக்குப் போ என்றேன். நீயும் சிரித்தாய். ஏன் சிரித்துத் தொலைத்தாய்? அழுதிருக்கக் கூடாதா? என்னை ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

பின்னேரம் வந்தபோது தொட்டிலுக்குக் கீழே சுருண்டு கிடந்தாய். கொழுந்து லொறியில் சாக்கு விரித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தெமோதரை ரோட்டு வளைவுகளில் உன் தலை என் மடியில் உருண்டது. லொறி வெளிச்சம் பனிக்குள்ளே நீண்டு போனது, நீ அதில் எதையோ விரலால் காட்டினாய். எதைக் காட்டினாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குடல் வெடித்துவிட்டது, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டொக்டர் சொன்னபோது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அண்ணனிடம் குடல் வெடித்ததை மட்டும் சொன்னேன். காலைக் கதையை முழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ விடியலில் பனிக்குள்ளே உன் நரியைப் பார்த்திருக்கிறேன். தேயிலை வரிசைக்கு நடுவே மடிந்து மடிந்து நடந்து போகும். கூப்பிட்டால் திரும்பாது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் செடிதான் நிற்கும், நான் கூடையை மாட்டிக்கொண்டு ஏறிவிடுவேன். ஏழு வருஷமாக என் வாயில் சிரிப்பு என்று ஒன்று வந்ததில்லை.

போன சனிக்கிழமை தேவி கிளாக்கர் வீட்டிலிருந்து அப்படியே நடந்து வந்தாள். வயிற்றைப் பிடித்து, வளைந்து, ஒரு காலை இழுத்து. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை மதினி. நான் தண்ணி வாளியைப் போட்டுவிட்டு ஓடி, எங்கே வலிக்குது, சொல்லுடி, எங்கே வலிக்குது என்று பிள்ளையைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பயந்து அழுதுவிட்டாள். நரி மாதிரி நடிச்சேன் அத்தை, எல்லாரும் சிரிச்சாங்க, நீங்க மட்டும் ஏன் இப்படி என்று கேட்டாள்.

அப்புறம் என்ன, சொல்லிவிட்டேன். அடுப்படியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், முதலில் சிரித்தது நான்தான் என்பதையும். எட்டு வயசுப் பிள்ளையிடம் சொல்கிற பேச்சா அது? தெரியவில்லை. நீ கடைசியாகத் தைத்த நரிப் புத்தகத்தையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதை நான் ஒரே ஒரு தடவைதான் ஓட்டியிருக்கிறேன். நரி லயத்து வாசலில் நிற்கும், நடந்து வரும், பாறை விழும், நசுங்கிப் போகும். அதற்குப் பிறகு வெறும் தாள். முடிக்க உனக்கு நாள் கிடைக்கவில்லை.

தேவி புத்தகத்தின் மேல்தாளைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "அம்மா அவ்வளவு நல்லா நடிப்பாங்களா?" என்று கேட்டாள். ஆமாடி என்றேன். அவள் அவளுடைய அப்பா மாதிரி இடது கைக்காரி. புத்தகத்தைப் பிடித்து, இடது கட்டை விரலால் கடைசிப் பக்கத்திலிருந்து விட்டாள்.

முதலில் வெறும் வெள்ளை ஓடியது. அப்புறம் பாறைக்கு அடியில் நரி வந்தது. பாறை அதன் முதுகை விட்டு மெல்ல எழும்பி ஆகாயத்துக்குப் போனது. நரி நிமிர்ந்தது. பின்பக்கமாகவே நடந்து நடந்து லயத்து வாசலில் போய் நின்றது, காலையில் வீட்டை விட்டுக் கிளம்பாதவள் மாதிரி. தேவி சிரித்தாள். நானும் சிரித்தேன் மதினி. சிரித்துக்கொண்டே அழுதேன், அதை அவள் பார்த்தாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொல்லப் போகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். வெறும் பக்கங்களில் வரைய தேவி பென்சில் கேட்கிறாள், அதையும் வாங்கிக் கொடுப்பேன். உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இனி யார் வளைந்து நடந்து வந்தாலும், அது ஊரறிந்த நடிகையாகவே இருந்தாலும், முதலில் கிட்டப் போய் எங்கே வலிக்குது என்று கேட்பேன். நடிப்புத்தான் என்றால் அப்புறம் ஆறுதலாகச் சிரித்துக்கொள்கிறேன்.

உன் பெஞ்சுக்காரி, தேவியின் அத்தை,
உன் நாத்தனார்
செல்லம்மா