பலகையில் நீ அழித்த எண்

இன்று காலை என் தேநீர் நடுங்கியது. இரண்டு தெரு தள்ளி அடுக்குமாடி கட்டுகிறார்கள். தூண் இறக்கும் இயந்திரம் ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் கோப்பைக்குள் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. வேறு யாராக இருந்தாலும் எரிச்சலோடு சன்னலைச் சாத்தியிருப்பார்கள். என் கையோ தானாக மேசைமேல் கவிழ்ந்தது, அதிர்வு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்க்க. இந்தக் கிறுக்கை எனக்குத் தொற்றவைத்தவள் நீதான். சிரித்துவிட்டேன். அடுத்த இடி எப்போது விழும் என்று வாணவேடிக்கைக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல் காத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தீவில், கெலுகோரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே நம் அலுவலகம். வீடு கட்டுவதற்கு முன் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது நம் வேலை. முதல் முறை நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் அம்மாவிடம், "பூமிக்கு ஸ்கேன் எடுக்கிறோம் ஆன்ட்டி" என்றாய். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "அப்படியா, என்ன புள்ளையாம்?" என்று கேட்டார். நீ சோபாவிலிருந்து கீழே விழாத குறைதான்.

ஸ்கேன் என்று நீ சொன்னதும் பொய்யில்லை. நிலத்தில் வரிசையாக ஜியோபோன்களைக் குத்தி வைப்போம். ஓர் இரும்புத் தட்டின்மேல் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் அதிர்வு உள்ளே போய், பாறையில் பட்டுத் திரும்பும். எப்போது திரும்புகிறது என்பதை ஜியோபோன்கள் பதிந்துகொள்ளும். ஆனால் அந்தப் பதிவுகளைப் படமாக்க வேண்டுமானால், மண்ணுக்குள் அதிர்வு என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதுதான் தெரியாதே! ஆகவே நம் கரும்பலகையின் மூலையில் ஓர் எண் இருந்தது. தீவில், மலையடிவார மண்ணில் எப்போதோ அளந்த வேகம். கடை திறந்ததும் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றுகிற மாதிரி, கணினியைப் போட்டதும் எல்லாரும் அந்த எண்ணைத்தான் அடித்தோம். எங்கே வேலை செய்தாலும் அதே எண்.

கடலுக்கு அக்கரையில், பெருநிலத்தில் இருக்கும் தாசேக் கெலுகோர் வேலை வந்தபோதும் அப்படித்தான். ரப்பர் தோட்டத்தை அழிக்கிறார்கள், அங்கிருந்த குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டித் தரப்போகிறார்கள் என்றார்கள். ஜியோபோன் மூட்டைகளோடு பெர்ரி ஏறினோம். சம்மட்டி அடிக்கத் தோட்டத்திலிருந்தே மணியம் அண்ணன் வந்தார். ஒவ்வொரு அடிக்கும் முன்னால், "அடிக்கட்டா தங்கச்சி?" என்று உன்னைக் கேட்பார். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி, "மொத வரிசையில எனக்கும் ஒரு வீடு லா. இதோ, இந்த எடந்தான்" என்று தான் உட்கார்ந்திருந்த புல்லைத் தட்டிக் காட்டினார். நீ சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தப் புல்லையே பார்த்தாய்.

அலுவலகம் திரும்பிப் படம் போட்டோம். நடுவில் பாறை பலகைபோலத் தட்டையாக இருந்தது. "குட் லா, வீடு கட்டலாம்" என்று பாஸ் அப்போதே சொல்லிவிட்டார். நீ மட்டும் பதிவுத் தாள்களைத் தரையில் பரப்பி, முழங்காலிட்டுக் கிடந்தாய்.

"மேரி, இங்க வா. படத்துல இல்லாதது பதிவுல இருக்கு."

"என்ன இருக்கு?"

"அண்ணன் ஒக்காந்திருந்த எடத்துல எதிரொலி எல்லாம் லேட்டா வருது. அங்க அடியில பெரிய பள்ளம் இருக்கணும். நம்ம எண்ணு இந்த மண்ணுக்குப் பொருந்தல. அதான் பதிவெல்லாம் ஒண்ணா கூட்டுறப்ப உண்மையான எதிரொலிங்க ஒண்ண ஒண்ணு அழிச்சுக்குது. மிச்சமிருக்கிற சலசலப்புதான் தட்டையா தெரியுது."

"அப்ப சரியான எண்ணு எது?"

நீ எழுந்தாய். டஸ்டரை எடுத்துப் பலகையின் மூலையைத் துடைத்தாய். பாஸ் தன் அறையிலிருந்து, "ஏய், ஏய்!" என்று ஓடி வந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

"வேகமே வேணாம் பாஸ்" என்றாய். "பக்கத்து பக்கத்து ஜியோபோன்ல ஒரே எதிரொலி கொஞ்சம் முன்ன பின்ன வருது. எவ்வளவு முன்ன, எவ்வளவு பின்னன்னு பதிவுலயே இருக்கு. அது எப்படிச் சாயுது, எப்படி வளையுதுன்னு பாத்து, எந்த வளைவுல எல்லாம் ஒத்துப்போகுதோ அதுலயே கூட்டுவோம். நாம ஏன் ஊகிக்கணும்? அதுவே சொல்லுது, கேட்டா போதும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணினியை ஓடவிட்டோம். திங்கட்கிழமை காலையில்தான் முடிந்தது. பிரிண்டர் வரி வரியாகக் கக்கியபோது நீ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாய். முதலில் தட்டையான கோடு. பிறகு அது சரிந்தது. இன்னும் சரிந்தது. பிறகு மெதுவாக மேலேறியது. எப்போதோ ஓடிய ஆறு, மண்மூடிக் கிடந்தது. நாம் இருவரும் போட்ட கூச்சலில் கீழேயிருந்து சைக்கிள் கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

பாஸ் படத்தைப் பார்த்தார். "எத்தன மீட்டர் ஆழம்?"

"அது தெரியாது பாஸ். வேகம் இல்லாம மீட்டர் சொல்ல முடியாது."

"ஆழம் சொல்லாத படத்த வச்சு நான் என்ன லா செய்றது?"

"எடம் சொல்லுது இல்ல? மணியம் அண்ணன் வீட்ட அது மேல வைக்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு துளை போட்டுப் பாருங்க."

துளை போடுகிற அன்று உன்னால் நிற்கவே முடியவில்லை. துளையிடும் வண்டியை மூன்று தரம் சுற்றி வந்தாய். பாறை சீக்கிரம் வந்துவிட்டால் நம் கதை கந்தல். வரவில்லை. ஒரு கம்பி முடிந்து அடுத்த கம்பியைப் பூட்டினார்கள், அதற்கும் அடுத்ததை. பாறைக்குப் பதிலாக மேலே வந்தது சாம்பல் நிறச் சேறு. தயிர்போலக் கொழகொழவென்று இருந்தது. அதற்குள் சிப்பிகள்! கடல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்க, ரப்பர் மரத்தடியில் கடல் வாடை அடித்தது. மணியம் அண்ணன் ஒரு சிப்பியைக் கழுவி முகர்ந்து பார்த்து, "எங்க வீட்டுக்கு அடியில கடலா தங்கச்சி?" என்றார். நீ சேறு படிந்த கையோடு என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாய். அந்தச் சட்டைக் கறை கடைசிவரை போகவில்லை.

வீடுகளைச் சாலைக்கு அந்தப்பக்கம் தள்ளிக் கட்டினார்கள். பழைய ஆற்றின் மேல் பந்து விளையாடத் திடல் விட்டார்கள். பலகையின் அந்த மூலையில் யாரையும் எழுத விடாமல் பார்த்துக்கொண்டார் பாஸ். ஒரு வார்த்தை பாராட்டவில்லை, மனிதர்!

போன வருடம் நீ போனாய். உன் வீட்டுக் கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு எனக்கு ஓர் எண் சொன்னார்கள். ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார் ஒருவர். ஒரு வருடம் ஆகும் என்றார் இன்னொருவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நேரே கடற்பாலத்தைக் கடந்து தாசேக் கெலுகோருக்குப் போனேன். மணியம் அண்ணன் வீட்டு வாசலில் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் இல்லை. நீ போன விஷயத்தைச் சொன்னேன்.

"ரொம்பக் கஷ்டமா இருக்கா தங்கச்சி?"

"எவ்வளவுன்னு தெரியல அண்ணே. எங்கன்னு மட்டும் தெரியுது."

அவருக்கு என்ன புரிந்ததோ, எழுந்து என்னைத் திடலுக்கு அழைத்துப் போனார். பையன்கள் பந்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நடுவில் நின்று, சம்மட்டியை ஓங்குவதுபோல் வெறுங்கையைத் தூக்கி, "அடிக்கட்டா தங்கச்சி?" என்றார். குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

நான் குனிந்து புல்மேல் உள்ளங்கையை வைத்தேன். எந்த எண்ணையும் கொண்டுபோகாமல், வெறுமனே கேட்டேன்.