மேயர் இருக்கும் ஃபிரிட்ஜ்

நவம்பர் 10, ஞாயிறு

சிக்னி கூப்பிட்டாள், டூசானிலிருந்து. ஞாயிறு சாயங்காலம் ஆனால் தவறாமல் கூப்பிடுவாள், அதில் குறை சொல்ல முடியாது.

"மேயர் எப்படிப்பா இருக்கார்? சாப்பிட்டாரா? வெந்நீர்ல உக்கார வச்சீங்களா?"

இருக்கார். சாப்பிட்டார். வச்சேன். கீரைமேல் கால்சியம் பொடி தூவினேனா? தூவினேன். நகம் வளர்ந்திருக்கிறதா? பார்க்கிறேன். அதோடு கேள்வி தீர்ந்தது. "சரிப்பா, வச்சுடறேன்."

ஆர்டிஸ் இருந்தவரை போன் அவளுக்குத்தான் வரும். நான் எடுத்தால், "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அதோடு என் வேலை முடிந்தது. பெற்ற மகளோடு நான் இத்தனை வருஷமாகப் பேசியது அவ்வளவுதான். இப்போது வாங்கிக்கொள்ள ஆர்டிஸ் இல்லை. சிக்னி இருக்கும் கட்டடத்தில் பிராணி வளர்க்கக் கூடாதாம், அதனால் அவளுடைய ஆமை என்னிடம் இருக்கிறது. அது ஒன்றுதான் எங்கள் நடுவில். நல்லவேளை.

நவம்பர் 12, செவ்வாய்

மேயரின் பெட்டியில் விளக்கு போய்விட்டது. பேஸ்மென்டில் எல்இடி பல்பு ஒன்று கிடந்தது, மாட்டிவிட்டேன். பழையது கொதிக்கும், கை வைக்க முடியாது. இது ஜில்லென்று இருக்கிறது, வெளிச்சமும் ஜாஸ்தி. சிக்னியின் அறை ஹீட்டரையும் குறைத்து வைத்தேன். ஒரு ஆமைக்கு அறை முழுக்கச் சூடேற்ற நான் என்ன ராஜாவா?

நவம்பர் 28, வியாழன்

நன்றித் திருநாள். பக்கத்து வீட்டு டோய்வோ கூப்பிட்டான், அவன் வீட்டு வான்கோழியைச் சாப்பிட்டேன். காய்ந்து போயிருந்தது, சொல்லவில்லை. சிக்னி சிநேகிதர்கள் வீட்டில் இருந்தாளாம். போன் இல்லை, ஒரு படம் மட்டும் அனுப்பினாள்.

மேயர் இன்றும் எதையும் தொடவில்லை. டான்டலையன் கீரை பனிக்கு அடியில் போய்விட்டது, கடைக் கீரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்ணைத் தோண்டி உள்ளே புகுந்து கிடக்கிறார். பதினொரு வயதில் சிக்னி இந்தப் பெயர் வைத்தபோது, கழுத்தை நீட்டிக்கொண்டு ஊரைப் பார்வையிட வந்தவர் மாதிரி நடப்பார். இப்போது மேயர் ஊரை விட்டே போய்விட்டார் போல.

டிசம்பர் 9, திங்கள்

மேயர் செத்துட்டார்.

மண்ணுலேர்ந்து எடுத்தேன். கல்லு மாதிரி சில்லுனு. தலை உள்ள போயிருக்கு. காலை இழுத்தா இழுத்த இடத்துலயே நிக்குது. மூக்குல கண்ணாடி வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் படியல. சிக்னிகிட்ட என்னன்னு சொல்றது? ஒரு ஆமை. ஒரே ஒரு ஆமையைப் பார்த்துக்கத் துப்பில்ல எனக்கு.

டிசம்பர் 10, செவ்வாய்

டோய்வோ வந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான், அவ்வளவு மரியாதை மேயருக்கு. தூக்கி மோந்தும் பார்த்தான். "நாத்தமே இல்லடா ஆரின்." இந்தக் குளிரில் நாற்றம் எங்கிருந்து வரும்?

கொல்லையில் மண்வெட்டி போட்டேன். டங்கென்று திரும்பி வந்தது. டோய்வோ சிரித்தான். "மண்ணு இரும்பாயிடுச்சு. இந்த ஊர்ல மனுஷனையே வசந்தத்துலதான் புதைக்கறோம், உன் ஆமைக்கு மட்டும் என்னடா அவசரம்?" சொன்ன பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆர்டிஸ் ஜனவரியில் போனவள். மே மாதம்வரை கல்லறைக்காரர்களின் கிடங்கில் காத்திருந்தாள். அவன் முகம் தொங்கிப் போய்விட்டது. போடா, பரவாயில்லை என்றேன்.

ஆர்டிஸின் பனிக்கால பூட்ஸ் வந்த அட்டைப்பெட்டியில் மண்ணோடு மேயரை வைத்து மூடினேன். பேஸ்மென்டில் பியர் வைக்கும் பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறது. மேலே ஃபிரீசர் முழுக்க டோய்வோவின் மான்கறி, ஒரு விரல் வைக்க இடமில்லை. அதனால் கீழ்த்தட்டில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பனி உருகும்வரை அங்கேயே இருக்கட்டும்.

டிசம்பர் 15, ஞாயிறு

"மேயர் எப்படிப்பா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நல்லா இருக்கார்" என்று வந்துவிட்டது. "சாப்பிட்டாரா?" சாப்பிட்டார். வெந்நீர்? வச்சேன். செத்த ஆமைக்குக் கால்சியம் பொடிகூடத் தூவினேன்.

மேயர் இல்லை என்றால் அவள் எதற்குக் கூப்பிடுவாள்? என்னோடு பேச அவளுக்கு என்ன இருக்கிறது? அடுத்த வாரம் சொல்லிவிடலாம்.

டிசம்பர் 22, ஞாயிறு

சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் முடியட்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

பியர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போது "என்ன மேயர்" என்று ஒரு வார்த்தை சொல்வது பழக்கமாகிவிட்டது. இன்று வெளியே மைனஸ் முப்பது. அதையும் சொன்னேன். ஏரியில் படகெல்லாம் நின்றுவிட்டது என்றேன். மூடிய அட்டைப்பெட்டி, பதில் ஒன்றும் வராது. வேறு யாரிடம் சொல்ல? டோய்வோ மகள் வீட்டுக்கு ஃபுளோரிடா போய்விட்டான், ஏப்ரலில்தான் வருவான்.

ஜனவரி 19, ஞாயிறு

ஆர்டிஸ் போன நாள். சிக்னிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஆமையின் நகத்தைப் பற்றிப் பேசினோம்.

கீழே போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். ஃபிரிட்ஜ் மோட்டார் கத்த ஆரம்பித்துவிட்டது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பியரை விட்டு ரெண்டு வாரமாகிறது. சபதமெல்லாம் இல்லை, பிடிக்கவில்லை. ஆனாலும் காலையில் காபி போட்டதும் கால் தானாகப் பேஸ்மென்டுக்குப் போகிறது. திறக்கிறேன், ரெண்டு வார்த்தை சொல்கிறேன், மூடுகிறேன். யாராவது பார்த்தால் கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்பார்கள். பார்க்கத்தான் யாருமில்லையே.

மார்ச் 9, ஞாயிறு

"ஈஸ்டருக்கு வர்றேன்பா. டிக்கெட் போட்டாச்சு. மேயரைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

வா வா என்றேன். வேறென்ன சொல்வது? போனை வைத்துவிட்டு, ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

மார்ச் 13, வியாழன்

டுலூத்தில் ஒரு பிராணிக் கடைக்குப் போனேன். அதே ஜாதி ஆமை ஒன்று இருந்தது. தூக்கிப் பார்த்தேன். முழியே வேறு. அவளை ஏமாற்ற முடியுமா? பதினாறு வருஷம் கூட இருந்தவள். திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

முதலிலிருந்து எழுதுகிறேன், இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

சிக்னி வருவதற்குள் புதைத்துவிட்டு, மார்ச்சில் தூக்கத்திலேயே போனார் என்று சொல்வதாக முடிவு செய்திருந்தேன். மண் இன்னும் இளகவில்லை. கல்லறைக்காரர்கள் செய்கிற மாதிரி, கொல்லையில் கரியைப் பற்ற வைத்து, பாதியாக வெட்டிய டிரம்மைக் கவிழ்த்து மூடினேன். இளகச் சாயங்காலம் ஆகும். பெட்டியை மேலே கொண்டுவந்து சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன். கடைசி நாளாவது மேலே இருக்கட்டுமே என்றுதான்.

சூப் சூடாக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் சர்ரக், சர்ரக். எலி என்று நினைத்தேன். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால், ஆர்டிஸின் பூட்ஸ் பெட்டி அசைகிறது.

மூடியைத் திறந்தேன். கழுத்தை நீட்டினார். மண் அப்பிய முகத்தோடு, ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார். மேயர்!

ஐயோ கடவுளே. துடைப்பத்தோட அப்படியே தரையில உக்காந்துட்டேன். அழுதேன். ஆமா, அழுதேன், ஆர்டிஸுக்குக்கூட நான் அப்படி அழல. கொல்லையில குழி ரெடியாயிட்டிருக்கு, இவர் இங்க கொட்டாவி விடறார்!

டுலூத் மிருக மருத்துவமனைக்குப் போன் போட்டேன். வெதுவெதுப்பான நீரில், கழுத்து மூழ்காமல் உட்கார வைக்கச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கிறவரை சாப்பாடு கூடாது, திங்கட்கிழமை கூட்டி வரவேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தேன். குடித்தார். தலையைத் தூக்காமல் குடித்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

"மேயர் எப்படிப்பா?" "இப்பத்தான் தூங்கி எழுந்தார்" என்றேன். மூன்று மாதத்தில் நான் சொன்ன முதல் உண்மை.

மார்ச் 24, திங்கள்

டாக்டர் லவெல் சின்னப் பெண், சிக்னி வயதிருக்கும். மேயரைத் திருப்பிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், தராசில் வைத்தாள். எடை குறைந்திருக்கிறது. மூக்கில் சளி இல்லை, கண் தெளிவாக இருக்கிறது. பிழைத்துக்கொள்வாராம்.

"விளக்கு ஏதாவது மாத்தினீங்களா?" சொன்னேன், ஃபிரிட்ஜ் கதையும் சேர்த்து. "எல்இடியா? அதுல வெளிச்சம் மட்டும்தான் சார் வரும், சூடு வராது. உங்க வீட்டுக்குள்ளயே அதுக்குப் பனிக்காலம் வந்துடுச்சு, தூங்கப் போயிடுச்சு. அதைப் போய்ப் பொணம்னு நினைச்சிருக்கீங்க." எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவளே விடாமல் சொன்னாள். ஆமை வளர்க்கிறவர்கள் சிலர் வேண்டுமென்றே ஃபிரிட்ஜில் தூங்க வைப்பார்களாம், டிகிரி பார்த்து, எடை பார்த்து. "மேல ஃபிரீசர்ல வச்சிருந்தா ஐஸாயிருக்கும். ஆனா ஒண்ணு புரியல. மூடின ஃபிரிட்ஜ்ல காத்து தீர்ந்துடும் சார். தெரிஞ்சு வைக்கறவங்க காத்து மாறணும்னு அடிக்கடி கதவைத் திறப்பாங்க. நீங்க திறந்தீங்களா?"

"தினமும்."

"எதுக்கு?"

"பியர் எடுக்க" என்றேன்.

"அப்ப உங்க பியர்தான் சார் இதைக் காப்பாத்தியிருக்கு" என்று சிரித்தாள்.

வெளியே வந்து டிரக்கில் உட்கார்ந்தேன். மேயர் பக்கத்து இருக்கையில். போனை எடுத்து சிக்னியைக் கூப்பிட்டேன். நானாக அவளைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று மணி அடிக்கும்போதுதான் உறைத்தது.

"அப்பா? திங்கக்கிழமை கூப்பிடறீங்க, என்னாச்சு? உங்களுக்கு என்னாச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு, ஃபிரிட்ஜ், ஞாயிற்றுக்கிழமைப் பொய்கள், கொல்லையில் மூட்டிய கரி, டாக்டர் சொன்ன பியர் கதை. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஏன்பா சொல்லல?"

"சொன்னா நீ கூப்பிடமாட்டன்னு."



"தினமும் பியர் குடிச்சீங்களா?"

"இல்ல. பியரை ஜனவரியிலயே விட்டுட்டேன்."

"பின்ன எதுக்குத் திறந்தீங்க?"

"சும்மா. ரெண்டு வார்த்தை பேச."

அவள் அழுதாள். மேயர் தலையை ஆட்டுகிறார் என்றேன். "மேயரை விடுங்கப்பா" என்றாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

வந்திருக்கிறாள். வீட்டில் ஒரே சத்தம். நானும்தான் கத்துகிறேன்.

ஏப்ரல் 23, புதன்

நேற்று கிளம்பிப் போனாள். மேயருக்குப் புது விளக்கு, சூடு வருகிற விளக்கு, அவளே மாட்டிவிட்டுப் போனாள். கொல்லையில் டான்டலையன் தலை காட்டியிருக்கிறது. ஒரு பிடி பறித்துப் போட்டேன், ஒரு வெட்டு வெட்டினார்.

சாயங்காலம் போன் அடித்தது. புதன்கிழமை இந்த நேரத்தில் யார் என்று எடுத்தேன். சிக்னி. பழக்கத்தில் ஒப்பிக்க ஆரம்பித்தேன்: "சாப்பிட்டார், வெந்நீர் வச்சாச்சு, பொடி தூவியாச்சு..."

"சரிப்பா. நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

யோசிக்க வேண்டியிருந்தது. பாதி டப்பா பீன்ஸ் என்றேன், சூடாக்காமல். நன்றாகத் திட்டினாள்.