சீல் உடையாத பாட்டில்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை, அந்த நலத்தை நீயாவது அங்கே பத்திரமாக வைத்துக்கொள். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். இதை நீ பாதியில் துண்டிக்க முடியாது பார்.

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. போகும்போது தானாக நடந்து போகிறார், வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலைக் காட்டிவிட்டாள், காப்பி, மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள்தான். மத்தியானம் ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டுப் போனால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு திருடன் மாதிரி நிற்கிறார், திட்ட வாய் வராமல் திரும்பி வந்துவிடுகிறேன். இவர் வேன் ஓட்டிய காலத்தில் உன் மாமா வைத்த பெயர் ஞாபகம் இருக்கிறதா, ஒட்டகம் என்று. கொளுத்துகிற வெயிலில் சுற்றுலாக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போவார், நடுவழியில் ஒதுங்க வேண்டி வந்துவிடக் கூடாது என்று காலையிலிருந்து வாயை நனைக்க மாட்டார். கிட்னியில் நீர்க்கட்டி இருக்கிறது, வெயிலில் போகிறவர் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நாம் எல்லோரும் ஒட்டகம் தாங்கும் என்று சிரித்தோம், அவருக்கு அதில் பெருமை வேறு.

அந்தக் கட்டி உனக்கும் இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்த அன்று குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், உனக்குத் தெரியாது. உனக்கு இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று டாக்டர் சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன். இப்போது ஆபீஸ்காரர்களோடு மலைக்குப் போன படத்தை அனுப்பியிருக்கிறாய். முகம் கறுத்து உதடு வெடித்திருப்பதுதான் என் கண்ணில் பட்டது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார், "நிழல் எவ்வளவு நீளமா விழுந்திருக்கு பாரு, சாயங்காலம் எடுத்த படம், கையில இருக்கிற பாட்டில்ல சீலே உடையல" என்றார். அப்புறம் சாப்பிடக்கூட வரவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டிருப்பாய், அவர் பிள்ளைதானே நீ. அந்தக் கூச்சத்தை மூட்டை கட்டிப் போடு. கிளம்புவதற்கு முன்பே குடி, தாகம் வரட்டும் என்று காத்திருக்காதே. அடிக்கடி இறங்குகிறான் என்று நாலு பேர் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். எவ்வளவு குடிக்கலாம் என்று உன் டாக்டரையே கேட்டுக்கொள், அப்பாவின் அளவு உனக்கு வேண்டாம், ஒருநாளும் வேண்டாம்.

நோய் நொடி இல்லாமல் இரு என்று வாழ்த்த வழியில்லாமல் போய்விட்டது, அது இருந்தாலும் நீ நன்றாக, நெடுங்காலம் இருக்க வேண்டும். அடுத்த தடவை வெளியே போனால் காலி பாட்டிலோடு படம் அனுப்பு, மறக்காதே. நீங்கள் ஏதாவது எழுதச் சொல்கிறீர்களா என்று அப்பாவைக் கேட்டேன். "எனக்கும் சேத்து அவனைக் குடிக்கச் சொல்லு" என்றார்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அம்மா