அம்மை இல்லாத வேப்பிலை

ராகலை

அன்பு மகள் சுலக்ஷனாவுக்கு அப்பா எழுதுவது. முருகன் துணையில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், கட்டார் நாட்டு வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே அழுவாய், பிறகு நானும் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் வழுக்கி விழுந்து தொடை எலும்பில் தகடு வைத்தார்களே, அதிலிருந்து காய்ச்சல் வருவதும் போவதுமாக இருந்தது. எங்கே புண் என்று எக்ஸ்ரேயில் தெரியாமல் கொழும்புக்கு அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு மீனம்மா மகன் லோஜன் நானுஓயாவில் ரயிலேற்றிக் கூடவே வந்தான். கிருமியோடு சண்டை போடும் இரத்த அணுக்களைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் ஒன்று இருக்கிறதாம், அதில் துளி கதிர்மருந்தைச் சேர்த்து ஊசியில் ஏற்றினார்கள். பிறகு கெமராவுக்கு அடியில் அசையாமல் படுக்க வைத்தார்கள், அந்த அணுக்கள் கூடும் இடம் படத்தில் பளிச்சென்று தெரியுமாம். வலி இல்லை, குளிர்தான். புறப்படும்போது நர்ஸ், இன்னிக்கும் நாளைக்கும் சின்னப் பிள்ளைங்க, மாசமா இருக்கிறவங்க பக்கத்துல போகாதீங்க ஐயா என்றாள். அதை அப்படியே மீனம்மாவிடம் சொன்னேன். அவள் மருமகள் மாசமாக இருக்கிறாள், விடுவாளா? நம் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள், இந்தக் குளிரில் அதை எங்கே பிடித்தாளோ. தள்ளி இருக்கச் சொன்னால் நம் ஆட்களுக்கு அது அம்மைதான். கதிருக்கு எதற்கு வேப்பிலை என்று கேட்டால், ஆத்தா எந்தப் பேருல வந்தா என்னண்ணே என்கிறாள். அம்மை இறங்கத் தலைக்கு ஊற்றுவார்களே, அந்த மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்று லயத்து வீடுகள் முழுக்கச் சட்டம். சோற்றைப் படியில் வைத்துவிட்டுப் போவாள். டிவி பார்க்க வரும் பிள்ளைகள்கூட எட்டிப் பார்க்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பது மட்டும் கேட்கும். உன் அம்மா போன பிறகும் நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை மகளே. வேப்பிலையை நானே அவிழ்த்துவிடலாம் என்று எழுந்தேன், மாசமாக இருக்கும் அந்தப் பெண் பயந்துவிடுவாளே என்று விட்டுவிட்டேன்.

நேற்று டொக்டர் படத்தைக் காட்டினார். தகட்டைச் சுற்றித்தான் சீழ். கழற்றாவிட்டால் காலே போகலாம், தை பிறந்ததும் ஆபரேஷன் என்றார். கண் விழிக்கும்போது பக்கத்தில் வீட்டு ஆள் யார் இருப்பார் என்று கேட்டார். மகள் இருப்பாள் என்று சொல்லிவிட்டேன். இத்தனை நாளும் வராதே, வேலையைப் பார் என்றவனும் நான்தான். லீவு தருவார்களோ என்னவோ, கேட்டுப் பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். இங்கே பனி கொட்டுகிறது, உனக்கு மறந்திருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வந்துவிடாதே.

எந்நேரமும் உன் நினைவாக,
அப்பா சோலைமலை