கூழ்ப் பைக்கற்றுக்கு ஒரு வரி

1974 பெப்ரவரி 11, திங்கள்

காலை பனி. பிறகு நல்ல வெயில். றால் காயப் போட உகந்த நாள். இன்று ஒருவரும் காயப் போடவில்லை.

இப்படித்தான் முடியும் என்று எனக்கு முதலே தெரியும். கார்த்திகையிலேயே சொன்னேன். ஆரிடம் சொன்னேன் என்பது ஞாபகமில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

கொழும்புக்கு அனுப்பிய கூழ்ப் பைக்கற்றுகள் ரெயினில் திரும்பி வந்துவிட்டன. ஒன்று மட்டும் குறைவு. வெள்ளவத்தைக் கடைக்காரர் கடிதம்: "உறையில் சைவம் என்று அடித்திருக்கிறது. உள்ளே றால் தலை. வாங்கிய அம்மா வெள்ளி விரதகாரி. கடை வாசலில் நின்று அவ என்னைப் பேசியதை எழுத முடியாது."

மகேஸ்வரி என் அக்காவின் மகள். சரவணையில் பனங்கிழங்கு ஒடியல் இடித்து மாவாக்கும் ஆறு பேரில் அவள்தான் பெரியாள். ஊர்காவற்றுறையில் றால் காய வைக்கும் ஐந்து பேரில் பிலோமினா. இந்த இரண்டு பகுதியையும் வேலணையில் ஒரே அறைக்குள் கொண்டுவந்தவன் நான். தீவுப்பகுதியில் வேறு எவனாலும் ஏலாது. அதை இன்று ஒருவரும் பேசவில்லை.

ம.: "மாமா, நீங்கள்தானே சைவக் கூழ் எண்டு சொன்னனீங்கள். அதாலதான் அப்பிடி அடிச்சனாங்கள்."

பி.: "எங்களுக்கு மச்சக் கூழ் எண்டவர். 'றாலைத் தாராளமாப் போடு பிலோமினா, கொழும்பான் மணத்துக்கே ஓடி வரவேணும்' எண்டவர்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் முகட்டைப் பார்த்தேன்.

மா ஆட்கள் காலையில் வந்து உறை அடித்து மா போட்டுவிட்டுப் போவார்கள். றால் ஆட்கள் பின்னேரம் வந்து றால் போட்டு ஒட்டுவார்கள். சைவக்காரருக்கு மச்ச மணம் ஆகாது என்று நான்தான் அந்த ஒழுங்கு செய்தேன். மூன்று மாதமாக ஒருவரை ஒருவர் கண்டதில்லை. என்ன நல்ல ஒழுங்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

12, செவ்வாய்

காற்று. அறை தந்த கூட்டுறவு ஐயா வந்தார். கதிரை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை.

"இந்தச் சாமான் ஆருக்கு?"

"எல்லாருக்கும் ஐயா. சைவக்காரர், வேதக்காரர், ஆஸ்பத்திரி, கப்பல்..."

"எல்லாருக்கும் எண்டால் ஒருத்தருக்கும் இல்லை, சின்னத்துரை. உம்மட ஆக்கள் பதினொரு பேரையும் தனித்தனியாக் கேட்டனான். பதினொரு மறுமொழி. ஒருத்தி இது குழந்தைப்பிள்ளைச் சாப்பாடு எண்டுறா. ஒருத்தி பத்தியத்துக்காம்."

சனிக்கிழமை திரும்பி வருவார். ஆருக்கு, என்னத்துக்கு என்று ஒரே ஒரு வரி. பதினொரு பேரும் அதே வரியைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அறைப் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட வேண்டும். பதினொரு பேரும் வீட்டுக்கு.

தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள். ஐயா என்னிடம் ஆலோசனை கேட்க வந்தவர் என்று சொன்னேன்.

13, புதன்

கொப்பியில் எழுதிய வரிகள்:

1. உலகத்தின் முதலாவது கூழ். (பொய்.)
2. சைவமாகவும் மச்சமாகவும் உண்ணத் தக்கது. (இதால்தான் வந்த வினை.)
3. தீவாரின் பெருமை. (ம.: "பெருமையை எப்பிடி மாமா கரைக்கிறது?")
4.

நாலாவது வரவில்லை. வாங்க வேண்டியது: ஆட்டுக்குக் குழை. சவர பிளேட். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இதை ஏழாம் வகுப்பில் படிப்பித்திருப்பார்களோ?

பின்னேரம் பி. வந்தாள். அவளுடைய மனிசனுக்கு முதுகு ஏலாது, கடலுக்குப் போய் வருசமாகிறது. "அண்ணை, றால் கடகத்தைத் தலையில வைச்சுக்கொண்டு வெயிலுக்கு அலைஞ்சு வித்தவள் நான். கூரைக்குக் கீழ இருந்து வேலை செய்தது இந்த மூண்டு மாசம்தான். திறப்பைக் குடுத்திடாதேங்கோ."

விடு பிள்ளை, மந்திரி வரைக்கும் எனக்கு ஆள் இருக்கு என்றேன். மந்திரியின் பெயரே சரியாக வரவில்லை.

14, வியாழன்

இரண்டு பகுதியையும் முதன்முறையாக ஒன்றாகக் கூப்பிட்டேன். சரவணை வலப்பக்கம், ஊர்காவற்றுறை இடப்பக்கம்.

"உங்கட மாக் கைக்குது."

"உங்கட றால் நாறுது. கடலுக்கை விட்டாலும் மீன் தின்னாது."

"ஏன், சரவணை மீனும் விரதமோ?"

சிரித்தது இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் எழும்பி வெளிக்கிட்டது. எல்லாம் போச்சு. அப்போதுதான் எனக்குத் தம்பிராசா ஞாபகம் வந்தான்.

சொன்னேன். மடத்துவெளிப் பொடியன், கொழும்பில் கிளாக்கர். மழை நாள், நான் நனைந்துபோய் அவன் அறையில் ஒதுங்கினேன். ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு சட்டி. வேலையால் வந்து கடையில் வாங்கிய பாணைச் சம்பலோடு தின்கிறான். நான் கொண்டுபோன மாவில் கூழ் காய்ச்சினேன். முதல் வாய் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

பி. மெல்ல: "ஒரு சட்டிதானோ அண்ணை? அப்ப றாலை வறுத்து இடிச்செல்லே குடுக்க வேணும்."

ம.: "மாவை ஊறவைச்சுக் கைப்பு வடிக்க அந்தப் பொடியனுக்கு எங்கால நேரம்? நாங்கள் வடிச்சுக் காயவைச்சுக் குடுப்பம்."

"வெள்ளிக்கிழமை விரதமோ அவன்?"

"தாய் சொல்லித்தான் விட்டிருப்பா."

"அப்ப றாலை வேற சின்னப் பையில கட்டு. வேண்டாத நாள் பிரிக்காமல் விடட்டும்."

"புளியும் மிளகாயும் உருண்டையா வைச்சால்?"

"பாவம், எல்லாம் ஒரு கரண்டியால அளக்கிற மாதிரி இருக்கவேணும்."

வெளிக்கிட்டவர்கள் இருந்துவிட்டார்கள். மூன்று மாதமாக நான் கத்திச் செய்விக்க முடியாததை இல்லாத... இங்கில்லாத ஒருவன் செய்துவிட்டுப் போனான்.

15, வெள்ளி

வெயில். எல்லாரும் வந்தார்கள். இன்று றால் தொடுவதில்லை என்று பி.தான் சொன்னாள். அவளுடைய ஆட்கள் உறை வெட்டினார்கள். "சைவம்" அச்சைக் கிணற்றுக்குள் போட்டார்கள். ஒருவருக்கும் நான் தேவைப்படவில்லை. வாய்த் தர்க்கம் வந்தால் ஒரே கேள்வி: "தம்பிராசாவுக்குச் சரிவருமோ?" உடனே முடிவு.

சரவணையாள் ஒருத்தி அவனுக்குப் பொம்பிளை பார்த்திருக்கோ என்று கேட்டாள். யோசிக்கிறார்கள் என்றேன். வாய் என் சொல் கேட்கவில்லை.

16, சனி

ஐயா வந்தார். ஒவ்வொருவராகக் கேட்டார். பதினொரு பேரும்: "வேலையால வந்து ஒரு அடுப்பில ஒரு சட்டி வைக்கிற தனி ஆளுக்கு, கால் மணித்தியாலத்தில ஊர்க் கூழ்."

கொப்பியில் எழுதிக்கொண்டார். இந்த முறை கதிரையில் இருந்தார். ஆனி வரை அறை எங்களுக்கு. "நேரில கண்ட ஆளை வைச்சு யோசிச்சிருக்கிறீர். அதுதான் சரி" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள், றோட்டால் போனவர்களும் நின்று தட்டினார்கள். (ஒரு ஆள். அவர் சைக்கிளில் இருந்தார்.)

எனக்குச் சந்தோசப்பட ஏலவில்லை.

17, ஞாயிறு

பனி. பி. பூசைக்குப் போய்த் தம்பிராசாவுக்காக மெழுகுதிரி கொளுத்தினாளாம். பின்னேரம் முதல் பைக்கற் முடிந்தது. கட்டி, மேலே சணல் நூல் போட்டு, என் முன்னால் வைத்துவிட்டுப் பதினொரு பேரும் நிற்கிறார்கள். அவன் குடித்துப் பார்த்து என்ன சொல்கிறான் என்று தெரிந்தால்தான் அடுத்ததைக் காய்ச்சுவார்களாம்.

ம. பேனையோடு: "விலாசத்தைச் சொல்லுங்கோ மாமா. நாளைக்குக் காலமை பஸ்ஸுக்குக் குடுக்கவேணும்."

கண்ணாடி வீட்டில் என்று சொல்லி வந்துவிட்டேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

கொழும்புக்குப் போனது உண்மை. கடைக்காரர் உண்மை. மழையும் உண்மை, கடை வாசலில் நின்று நனைந்தேன். தம்பிராசா என்று ஒருவன் இல்லை.