அரை பார் ஐஸ்

நைனா,

இன்று காலை ராயபுரம் முழுக்க கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் உன் நினைப்பில் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த படிவம் மேசைமேல் கிடந்தது. உறைய வைத்த என் கருமுட்டைகளை இன்னும் வைத்திருப்பதா, அழித்துவிடுவதா என்று கேட்டிருக்கிறார்கள்.

மார்பில் கட்டி என்று தெரிந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. கீமோ கொடுத்தால் முட்டைகள் கெடலாம், முன்பே எடுத்து உறைய வைக்கலாம், ஆனால் பின்னால் குழந்தை பிறக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணாலமே ஆவாத பொண்ணுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்த நீ கத்தவில்லை. "ஐஸ்ல வெக்கிறதே கெடாம கீறதுக்குத்தான். அவ பொருளு, அவ சொல்லட்டும்" என்று என்னைப் பார்த்தாய். எடுங்கள் என்றேன்.

அடுத்த மாதம் நீ செய்த கூத்து இருக்கிறதே! ஊரெல்லாம் கரண்ட் இல்லை என்றதும் அரை பார் ஐஸைச் சாக்கில் சுற்றி, கேரியரில் கட்டி, எழும்பூர் ஆஸ்பத்திரி வரை சைக்கிள் மிதித்தாய். மறித்த வாட்ச்மேனிடம், "என் பேரப் புள்ளைங்க உள்ள கீதுங்கபா, உருகிடப் போவுது" என்றாயாம். அது நைட்ரஜன் தொட்டி, கரண்ட் போனாலும் ஒன்றும் ஆகாது என்று நர்ஸ் புரியவைத்து அனுப்பினாளாம். அன்றே போனில் அவளே எனக்குச் சொன்னாள். நீயோ, "சும்மா அப்டியே போய்ட்டு வந்தேன்" என்று புளுகினாய். சட்டையெல்லாம் ஈரச் சாக்கு நாற்றம். முடி கொட்டிய தலையோடு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. எனக்கு நோய் விட்டது, கல்யாணம் ஆகவில்லை. படிவத்தைப் பார்த்துவிட்டு அத்தை ஆரம்பித்தாள். "வயசு ஏறிகினே போவுது. இன்னும் யாருக்காவ வச்சிகினு கீற? தூக்கிப் போடச் சொல்லு."

"எனக்காகத்தான் அத்தை. என் பொருளு, நான்தான் சொல்லணும்."

படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் போன தடவை உன் பெயர் இருந்தது. இந்த முறை பேனா அங்கேயே நின்றுவிட்டது. அத்தை எட்டிப் பார்த்தாள்.

"எம் பேரப் போடு. ஆனா உங்க நைனா மாரி ஐஸ் தூக்கினு ஓட மாட்டேன், சொல்லிட்டேன்."

அவள் பெயரை எழுதினேன். 'வைத்திருக்கவும்' என்ற கட்டத்தில் அழுத்திக் குறி போட்டேன்.

கரண்ட் இன்னும் வரவில்லை நைனா. எனக்குப் பயமில்லை.